வளைவுக்குள்ள ஆள் நிக்கக் கூடாது

...இல்ல தம்பி, நான் என்ன கேக்கறேன்னா, செங்கல்லைப் பாத்துக்கிட்டு ஒரு மனுஷன் முக்கால் மணி நேரம் நிப்பானா? நிக்கறாரே. அங்க பாருங்க, அந்த மரத்தடியில, தொப்பி போட்டுக்கிட்டு, மூணுகால் ஸ்டாண்டைக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கறாரே, அவருதான் எங்க வீட்டுக்காரரு. உக்காருங்க, உக்காருங்க. ஹெல்மெட்டை இந்தப் பக்கம் வைங்க. டீ குடிக்கறீங்களா? ஃப்ளாஸ்க்ல இருக்கு. சக்கரை கம்மிதான், அவருக்காகப் போட்டது. வேணாம்னு சொல்லாதீங்க, ஊத்திட்டேன்.

கோட்டை வாசல்தானே பாக்கணும்? பாக்கலாம். நானூறு வருஷமா நிக்கற வளைவு, இன்னும் கால் மணி நேரம் நிக்காமலா போயிடும். ஆறு மணிக்குத்தான் வாட்ச்மேன் விசில் ஊதுவாரு. அதுவரைக்கும் என்ன அவசரம் உங்களுக்கு?

எங்களுக்கு இது பன்னெண்டாவது இடம். பதினோரு நாள்ல பன்னெண்டு இடம். கார்ல ஸ்டியரிங் பக்கத்துல ஒரு பேப்பர் ஒட்டி வெச்சிருக்காரு. அருவி, காலை ஆறு பத்து. கலங்கரை விளக்கம், மாலை அஞ்சு நாப்பது. கல் பாலம், மேகம் இருந்தா மட்டும். அதுல எங்கயாவது சாப்பாடுன்னு ஒரு வரி இருக்கான்னு பாத்தேன். இல்ல. பசிக்குதுன்னா, "வெளிச்சம் போயிடும்"பாரு. கால் வலிக்குதுன்னா, "வெளிச்சம் போயிடும்". வெளிச்சம் என்னமோ இவரைக் கேட்டுட்டுத்தான் வந்து போற மாதிரி.

கார்ல பின் சீட்டு முழுக்க அவரோட சாமான். அந்த மூணுகால் ஸ்டாண்டு இருக்கே, அதுக்கு சீட் பெல்ட் போட்டு விடறாரு தம்பி. நிஜமா. எனக்கு? எனக்கு மடியில லென்ஸ் பை. பள்ளத்துல வண்டி இறங்கினா, "ஆட்டாதே, ஆட்டாதே"ங்கறாரு. ஆட்டறது நானா, ரோடா?

கலங்கரை விளக்கத்துல முன்னூத்துச் சொச்சம் படி. எண்ணிக்கிட்டே ஏறினேன், இருநூறுக்கு மேல மூச்சு வாங்குச்சு, விட்டுட்டேன். மேல போனா ஐயா வானத்தைப் பாத்துட்டு, "தட்டையா இருக்கு, நாளைக்கு வரலாம்"னுட்டு இறங்கறாரு. மறுநாள் மறுபடியும் ஏறினோம். அந்தக் கண்ணாடி மாளிகை இருக்கு பாருங்க, சுவரெல்லாம் கண்ணாடி பதிச்சது, ஊர்லேர்ந்தெல்லாம் வந்து பாக்கறாங்க. இவரு கேமராவைத் தூக்கினாரா, நாலு பக்கமும் இவரு மூஞ்சியே தெரியுது. முப்பது மூஞ்சி, முப்பது தொப்பி. இடம் சரியில்லைன்னு வெளியே வந்துட்டாரு. நான் சிரிச்ச சிரிப்புல அங்கிருந்த காவல்காரர் வந்து என்னாச்சும்மான்னு கேட்டாரு.

ஏன்னா படத்துல மூஞ்சியே வரக் கூடாது அவருக்கு. ஆள் இருக்கக் கூடாது. மலைன்னா மலை மட்டும். பாலம்னா பாலம் மட்டும். ஏன்னு கேட்டா ஒரு காரணம் வெச்சிருக்காரு. முப்பத்தி மூணு வருஷம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கற ஸ்டுடியோ வெச்சிருந்தாரு. ஒரு ஸ்டூலு, பின்னாடி நீலத் துணி, சுவத்துல ஒரு கண்ணாடி, கயித்துல கட்டின சீப்பு. நாடியைத் தூக்குங்க, காது தெரியட்டும், அடுத்தவங்க வாங்க. இதேதான் நாள் பூரா. நான் உள் ரூம்ல உக்காந்து கட்டர்ல வெட்டுவேன். ஒரு ஷீட்டுக்கு எட்டு தலை. ஊர்ல எவனுக்குக் காது தூக்கி நிக்கும், எவளுக்கு ஒரு புருவம் ஏறி இருக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். கடையை மூடின அன்னிக்குச் சொன்னாரு, "ஆயுசுக்கும் பாக்க வேண்டிய மூஞ்சியெல்லாம் பாத்தாச்சு, இனிமே ஒரு மூஞ்சியும் வேணாம்." கேக்கறவங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். எனக்குத்தான் எரிச்சலா இருக்கும்.

சொல்றேன், ஏன் எரிச்சல்னு சொல்றேன். டீ ஆறுது பாருங்க, குடிங்க.

எங்க பொண்ணு புது வீட்டுக்குப் போயிருக்கா. ஹால்ல, சோபாவுக்கு மேல, இவ்ளோ பெரிய சுவரு. அங்க ஒரு படம் மாட்டணுமாம். "அப்பா எடுத்ததா இருக்கணும், அதுல நீ இருக்கணும்மா"ன்னா. இவ்ளோதானேன்னு ஆல்பத்தையெல்லாம் இறக்கிப் போட்டுத் தேடினேன். தேடறேன், தேடறேன்... முப்பத்தி ஒரு வருஷமா நாங்க போகாத ஊரு இல்ல. ஏரி இருக்கு, குகை இருக்கு, இடிஞ்ச ரயில்வே ஸ்டேஷன் இருக்கு. நான் இல்ல. ஒண்ணுல ஓரமா என் குடை இருக்கு. இன்னொண்ணுல பாறை மேல என் செருப்பு. பொண்ணும் கூட உக்காந்து புரட்டிட்டு, சாதாரணமாத்தான் கேட்டா, "ஏம்மா, அப்பா போனப்பல்லாம் நீ வீட்லயா இருந்தே?"

அவ வேணும்னு கேக்கலை தம்பி. ஆனா எனக்கு அன்னிக்கு பூரா சோறு இறங்கலை. எல்லா ஊருக்கும் கூடவே போயிருக்கேன், பை தூக்கியிருக்கேன், வெயில்ல நின்னிருக்கேன், அட்டைப் பூச்சிக்கு ரத்தம் குடுத்திருக்கேன். பாக்கறவங்களுக்கு அவரு தனியாப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு.

பொண்ணு அவர்கிட்டயும் சொல்லித்தான் அனுப்பினா. "இந்த ட்ரிப்ல அம்மாவை ஒரு படமாவது எடுத்துட்டு வாங்கப்பா"ன்னா. இவரு "ம்"னாரு. பதினோரு இடம் முடிஞ்சுது, அந்த "ம்" அப்படியே இருக்கு. இதான் கடைசி இடம். நாளைக்குக் காலைல வீட்டுக்குக் கிளம்பறோம்.

என்ன, செல்லுல எடுத்துத் தரவா? நல்ல புள்ளை நீங்க. ஆனா அது நீங்க எடுத்ததுல்ல ஆகும்? அவருகிட்டயே கேளுங்கன்னா... நான் ஏன் கேக்கணும்? அவருக்கா தோணணும்ல? என்ன தம்பி, இது ஒரு நியாயமா?

இருங்க, இருங்க, எங்க எழுந்திருக்கறீங்க? சரி, மறைக்காம சொல்லிடறேன். உங்களை உக்கார வெச்சதே அவருக்காகத்தான். கோவிச்சுக்காதீங்க. அதான் எனக்குக் குடுத்திருக்கற வேலை. அவரு ஸ்டாண்டை நட்டதும் நான் இந்தப் பக்கம் வந்துடணும். யாரு வந்தாலும் பேச்சுக் குடுத்து நிறுத்தணும். வளைவுக்குள்ள ஆள் நிக்கக் கூடாது. ஃப்ளாஸ்க் எதுக்குன்னு நெனச்சீங்க?

இந்தப் பதினோரு நாள்ல எத்தனை பேரு தெரியுமா. அருவிகிட்ட ஒரு பஸ் நிறைய டீச்சருங்க. எல்லாரையும் ஒரே கதையில நிறுத்தினேன், என் பிரசவக் கதை. கல் பாலத்துல ஒரு ரிட்டயர்ட் பேங்க் மேனேஜரு. பசங்க எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன், மனுஷன் அழுதுட்டாரு. அரை மணி நேரம். மேகம் வந்து, போயி, படமும் எடுத்து முடிச்சாச்சு, அவரு விடலை. இப்பவும் காலைல குட் மார்னிங் அனுப்பறாரு. என் பேச்சுக்கு நிக்காதது அந்தப் பாலத்துல வந்த ஆட்டு மந்தை ஒண்ணுதான். அதுலயும் ரெண்டு ஆடு நின்னு கேட்டுச்சு.

எனக்கே சிரிப்பா வருது. ஊர் உலகத்தையெல்லாம் படத்துல விழாம பாத்துக்கறது நான். நானும் விழாம.

சிரிக்கறீங்களா? சிரிங்க. என்ன கேட்டீங்க... ஸ்டுடியோக்காரர் பொண்டாட்டிக்கு பாஸ்போர்ட் போட்டோ கூடவா இல்லைன்னா? இருக்கு. அது எதிர்க்கடையில எடுத்தது.

ஆமா, எதிர்க்கடையில. நம்ம கடைக்கு நேர் எதிர்ல ஒரு ஸ்டுடியோ, பரம போட்டி. அங்க போயி ஸ்டூல்ல உக்காந்து எடுத்துட்டு வந்தேன். தெருவே வாசல்ல நின்னு வேடிக்கை பாத்துச்சு. அந்த எதிர்க்கடைக்காரரு "இங்கயா அக்கா, நம்ம கடையிலயா?"ன்னு மூணு தடவை கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு கடை வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தாரு.

ஏன்னு கேக்காதீங்க.

சரி, கேட்டுட்டீங்க. யாரோ எவரோ நீங்க, நாளைக்கு எங்கயோ போயிடப் போறீங்க. உங்ககிட்ட சொன்னா என்ன.

கல்யாணமான புதுசு. நாலு மாசம் இருக்கும். ஒருநாள் கடைக்குப் போனா, வாசல்ல கண்ணாடிப் பெட்டி, நல்லா எடுத்த படமெல்லாம் வெச்சிருப்பாங்களே, அதுல நட்ட நடுவுல நான். இவ்ளோ பெருசா. எப்ப எடுத்தாருன்னே தெரியாது. வாயைத் திறந்துட்டு இருக்கேன். ஏதோ பேசிட்டு இருக்கறப்ப எடுத்திருக்காரு. கை ஒரு பக்கம், முடி ஒரு பக்கம். ஒரு வாரமா அது அங்க இருந்திருக்கு. தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியலை. காய்கறிக்காரம்மா கேக்கறா, "என்ன கண்ணு, படத்துலயும் பேசறியாமே"ன்னு. இருபத்திரண்டு வயசு எனக்கு. மானமே போன மாதிரி ஆயிடுச்சு.

நேரா உள்ள போனேன். கண்ணாடியைத் திறந்தேன், படத்தை எடுத்தேன். கடையில ஒரு குடும்பமே போட்டோவுக்கு உக்காந்திருக்கு, பாட்டன் முதல் பேரன் வரைக்கும். அவங்க கண்ணு முன்னாடி அதைக் கட்டர்ல வெச்சு நாலா வெட்டினேன். வெட்டிட்டுச் சொன்னேன், "நானா வந்து நிக்கற வரைக்கும் என் மூஞ்சி உங்க கேமராவுல விழக் கூடாது."

"சரி"ன்னாரு.

அவ்ளோதான் தம்பி. அந்தச் "சரி"யை இன்னிக்கு வரைக்கும் காப்பாத்தறாரு. ரெண்டு நாள்ல மறந்துடுவாருன்னு நெனச்சேன். ஒரு மாசத்துல கெஞ்சுவாருன்னு நெனச்சேன். கெஞ்சட்டும்னு நானும் உக்காந்திருந்தேன். அந்தக் கண்ணாடிப் பெட்டியில நடு இடம் மட்டும் கடைசி வரைக்கும் காலியாவே கெடந்துச்சு. அதுல வேற படம் மாட்டலை அவரு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் எதிர்க்கடைக்குப் போனேன், அப்பவாவது வாயைத் திறப்பாரான்னு. எனக்குத் திமிரு. அவரு வாக்குத் தவறாத மனுஷன். மூஞ்சி பாத்து அலுத்துப்போச்சுன்னு அவரு சொல்றதெல்லாம் சும்மா, என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு. பொண்ணு கேட்டப்ப கூட, "உங்கம்மாதான் வேணாம்னா"ன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. சொல்லியிருக்கலாம்ல...

தம்பி? எங்க போறீங்க? நான் பேசிட்டே... அட, அந்தப் பக்கம் போகாதீங்க. அதோ, கேமராவுக்கு முன்னாடி வெளிச்சத்தைக் குறைக்கற கறுப்புக் கண்ணாடி மாட்டிட்டாரு, எடுக்கப் போறாரு. தம்பி, ஹெல்மெட்... ஹெல்மெட்டை விட்டுட்டுப் போறீங்க. நில்லுங்கன்னா. எனக்கு முழங்கால் வேற... இந்தக் கல்லெல்லாம்... இந்தாங்க. பிடிங்க. அந்தப் பக்கமாவே போயிடுங்க, திரும்பி நிக்காதீங்க, அவருக்குக் கோவம் வரும்.

யப்பா. இந்த வளைவுக்குள்ளயே நின்னு கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன்.

...என்னங்க? போறேன், போறேன். அந்தத் தம்பிதான் உள்ள வந்துட்டாரு, நான் என்ன செய்ய. இதோ நகர்ந்துடறேன்.

என்னது, சரியாக் கேக்கலை. தள்ளிக்கச் சொல்றீங்களா?

தள்ளிக்க வேணாமா?

...நானா வந்து நிக்கறேன்னு அர்த்தமான்னா கேக்கறீங்க?

ஓடி வந்து மாட்டிக்கிட்டவளைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது. வெளிச்சம் போயிட்டிருக்கு, இப்பப் போயி... சரிங்க. ஆமா. நிக்கறேன். நானா வந்துதான் நிக்கறேன். அன்னிக்குச் சொன்னது தப்பு. அந்தப் படத்தை வெட்டினதும் தப்பு. போதுமா? சத்தமா வேற சொல்லணுமா? வாட்ச்மேன் பாக்கறாரு.

இப்படி நிக்கவா? முந்தானையைச் சரி பண்ணிக்கறேன், இருங்க. முடி... ஏங்க, தொப்பியை ஏன் கழட்டறீங்க? கண்ணைத் தொடைச்சுட்டு ஒழுங்காப் பாருங்க, சூரியன் காத்திருக்குமா உங்களுக்கு?

அந்தத் தம்பி இன்னும் பின்னாடி நடந்துட்டு இருக்காரே, பரவாயில்லையா? நடக்கறவங்க படத்துல விழ மாட்டாங்களா இந்தக் கண்ணாடி போட்டா? அசையாம நிக்கறவங்கதான் விழுவாங்களா? அப்ப இத்தனை நாள் நான் பஸ் பஸ்ஸா நிறுத்தி வெச்சது எதுக்காம்... சரி, சரி, அப்புறம் பேசிக்கறேன் உங்களை.

முப்பது செகண்ட் கேமரா திறந்தே இருக்குமா? அவ்ளோ நேரமா? கையைக் கூட அசைக்கக் கூடாதா?

வாயையுமா?

சரி. எப்ப முடியும்னு எனக்கு எப்படித் தெரியும்? தம்பி, கொஞ்சம் சத்தமா எண்ணுங்களேன். தம்பி... போயிட்டாரு. பரவாயில்ல. நீங்க அமுக்குங்க. நான் மனசுக்குள்ளயே எண்ணிக்கறேன்.