ஞாயிற்றுக்கிழமை வண்டி

இந்தத் தேநீர் நன்றாக இருக்கிறது, ஐயா. தனியாக இருப்பவன் தனக்கென்று தேநீர் ஒழுங்காகப் போட்டுக்கொள்ள மாட்டான். நேற்றைய இலையிலேயே வெந்நீரை ஊற்றிக் குடித்துவிட்டு, இதுவும் தேநீர்தான் என்று சொல்லிக்கொள்வான்.

வண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். முதலிலிருந்தே சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த இரண்டு கதவுக் கார் அது. கல்யாணமான புதிதில் வாங்கினேன். நானும் மனைவியும் அதில்தான் கடலைப் பார்க்கப் போவோம். பிறகு இனி ஓட்டுவதில்லை என்று எண் பலகையை அரசிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொட்டகையில் நிறுத்தினேன். அது அங்கேயே கிடந்தது. மனைவி இறந்து முதல் வருஷச் சடங்குக்கு ஒசாகாவிலிருந்து வந்த மகன் கொட்டகையை எட்டிப் பார்த்தான்.

"அப்பா, இதை வித்துத் தொலைங்க. இல்லைன்னா உங்களுக்கப்புறம் இதை அள்ளிப்போட நான்தான் காசு குடுக்கணும்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதன் பிறகு அவன் புத்தாண்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடுவதோடு சரி. விளம்பரத்தை நானே எழுதினேன். 'பழைய வண்டியைப் புதுப்பிக்கும் ஆசையுள்ளவர்களுக்கு ஏற்றது. இருக்கிற நிலையில் விற்பனை. திருப்பி எடுத்துக்கொள்ளப்படாது.' இப்படி எழுதிவிட்டால் விற்றவனிடம் யாரும் நியாயம் கேட்க வருவதில்லை.

கசஹாரா அப்படித்தான் வந்தான். நாகஓகா நகரத்தில் பள்ளிக்கூடங்களுக்கு மதிய உணவு கொண்டுபோகும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயதை நெருங்கிய மனிதன். வண்டியின் தரைவிரிப்பைத் தூக்கினான். கீழே என் கொட்டகையின் மண்தரை தெரிந்தது.

"நெமோட்டோ சான்" என்று மரியாதையோடு கூப்பிட்டான். "இது வண்டியா, டீ வடிகட்டியா?"

"டீ வடிகட்டின்னா இதைவிட விலை ஜாஸ்தி."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். என் வீட்டில் யாராவது சிரித்து வெகுகாலமாகியிருந்தது. அவனுக்கு வண்டியை விட மனசில்லை, ஆனால் குடியிருந்தது அடுக்குமாடி வீடு. நிறுத்த இடம் இருக்கிறது என்று உங்கள் காவல் நிலையத்தில் சான்று வாங்காமல் இங்கே யாரும் வண்டியைத் தன் பெயரில் பதிந்து ஓட்ட முடியாது. உங்களுக்குத் தெரியாததா. நான் சொன்னேன், "பதிவையெல்லாம் வேலை முடிஞ்சதும் பாத்துக்கலாம். அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும். நீங்க ஞாயித்துக்கிழமை வந்து வேலை பாருங்க." அவன் தலை தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்து நன்றி சொன்னான்.

கொட்டகையின் சாவி என்னிடமே இருந்தது. அதை அவன் கேட்கவுமில்லை.

எனக்கு அவனைப் பிடித்திருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், சனிக்கிழமை மாலையே மனசு துள்ள ஆரம்பித்துவிடும். சோயா விழுது கரைத்த மிசோ சூப்புக்கு முள்ளங்கி நறுக்கி வைப்பேன். எங்கள் மேட்டுத் தெருவில் இப்போது புகை வருவது என் வீட்டில் மட்டும்தான். பனி கூரையைத் தொட்டுவிட்டால் சன்னலைத் திறந்தாலும் வெள்ளைச் சுவர்தான். திங்கள் முதல் சனி வரை என் குரலையே நான் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பனி மிதிபடும் சத்தம் கேட்டால் உயிர் வரும்.

ஆனால் கசஹாரா கெட்டிக்காரன். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக வேலை செய்தான். மட்கிய தகட்டை வெட்டி எடுத்தான், புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தான். இரண்டாவது குளிர்காலம் பிறந்தபோது, "செர்ரி பூக்கறதுக்குள்ள முடிச்சிடுவேன், பாத்துக்கிட்டே இருங்க" என்றான். நல்ல சேதிதான். நானும் கைதட்டினேன்.

நான் ஓய்வு பெறும்வரை என்ன வேலை பார்த்தேன் என்று உங்கள் காகிதத்தில் இருக்கும். குளிர்காலம் முழுக்க மலைச்சாலையில் பனி உருக்கும் உப்பைத் தூவும் வண்டியை ஓட்டினேன். இரும்பை உப்பு என்ன செய்யும் என்பது என்னைவிட வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. வேலைக்காலத்து மூட்டைகள் சில கொட்டகையின் மூலையில் மிச்சமிருந்தன. ஒரு புதன்கிழமை மதியம், கொஞ்சத்தை வெந்நீரில் கரைத்து, வண்டியைத் தாங்கும் சேசிஸ் சட்டத்தின் உள்ளே, தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளை வழியாக ஊற்றினேன். வெளியே ஒன்றும் தெரியாது. துரு உள்ளேயிருந்துதான் வரும்.

அடுத்த மாதம் அவன் கீழே படுத்துக்கொண்டு விளக்கடித்துப் பார்த்தான். "மறுபடியும் வந்துடுச்சு. எங்கிருந்துதான் வருதோ?"

"பனிப் பிரதேசம்பா. இங்க காத்துலயே துரு இருக்கு."

அவன் அதை நம்பினான். திரும்பவும் வெட்டினான், திரும்பவும் ஒட்டினான். நான் விளக்குப் பிடித்தேன். இப்படியே குளிர்காலங்கள் போயின. அதைக் கெட்ட காரியம் என்று அப்போது நான் நினைக்கவில்லை. முடித்துவிட்ட வண்டியை மனிதன் என்ன செய்வான்? ஒரு முறை ஓட்டிக் காட்டுவான், பிறகு மூடிப்போட்டு வைப்பான். முடியாத வேலைதான் அவனை வாரம் முழுக்கத் தாங்கியது. நான் கெடுத்தது தகட்டை மட்டும்தான்.

அவன் மனைவி ஒரே ஒரு முறை வந்தாள். கொட்டகை வாசலில் குடையை மடக்காமல் நின்று என்னிடம் பேசினாள்.

"எனக்குச் சக்களத்தின்னு ஒருத்தி இருந்தா அவ தலைமுடியைப் பிடிச்சாவது சண்டை போடலாம். இது துருப்பிடிச்ச இரும்பு. இதுகிட்ட என்னன்னு சண்டை போடுறது? நீங்க பெரியவர், நீங்களாவது சொல்லக்கூடாதா, 'போதும் விடுப்பா'ன்னு?"

"சொல்லிப் பாக்குறேன்மா" என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் பிரிந்தார்கள். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு கடலோரத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாதம் ஒரு முறை மகள் அப்பாவிடம் வருவாள். சுமிரே என்று பெயர். அந்த ஞாயிறுகளில் அவளும் கொட்டகைக்கு வந்தாள். பஞ்சு பிதுங்கிய இருக்கையில் உட்கார்ந்து வாயாலேயே ஹாரன் அடிப்பாள்.

"தாத்தா, இது எப்போ ஓடும்?"

"பனி கரைஞ்சதும் ஓடும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பேரப்பிள்ளைகள் என்னிடம் இத்தனை வார்த்தை பேசியதில்லை.

சென்ற குளிர்காலம் கசஹாரா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். சுமிரே இருக்கும் ஊரிலேயே அவனுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். பழைய வீடு ஒன்று, பக்கத்திலேயே வண்டி நிறுத்த இடத்தோடு வாடகைக்குக் கிடைத்திருக்கிறதாம். மனைவியும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வரலாம் என்று சொல்லியிருக்கிறாளாம். பனி கரைந்ததும் சாலையில் ஓடத் தகுதி உண்டா என்று பார்க்கும் அரசுச் சோதனைக்கு வண்டியைக் காட்டி, சுமிரேயை அதில் உட்காரவைத்துக் கடலோர வீட்டுக்கு ஓட்டிப் போகப் போகிறான்.

"இத்தனை வருஷமா உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன், நெமோட்டோ சான். இனிமே உங்க ஞாயித்துக்கிழமை உங்களுக்கே."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினேன்.

அந்தக் குளிர்காலம் மூட்டைகளைக் காலி செய்தேன். இதை நான் மறைக்கவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும். ஆனால் என் கணக்கு என்னவென்றும் எழுதிக்கொள்ளுங்கள். சோதனை செய்கிறவர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார், துரு உதிரும், வண்டியைத் திருப்பி அனுப்புவார். கசஹாரா கொட்டகைக்குத் திரும்பி வருவான். யாருக்கும் ஒரு கீறல் விழாது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சோதனைக்கு முந்தைய வாரம் அவன் கூப்பிட்டான். வீடு மாற்றும் வேலையில் மூச்சுவிட நேரமில்லை, அடிப்பாகத்துக்குக் கறுப்பு அடித்துவிட முடியுமா என்று கேட்டான். இங்கே சோதனைக்குப் போகும் பழைய வண்டிக்கெல்லாம் கீழே கறுப்பு அடிப்பது வழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல. அதற்கென்ன, அடிக்கிறேன் என்றேன்.

விளக்கோடு கீழே படுத்தேன். இடது முன்சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தில் விரல் வைத்தேன். விரல் உள்ளே போனது. சுற்றிலும் தகடு அப்பளமாக நொறுங்கியது. துருவின்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

அதை அப்படியே விட்டிருந்தால் போதும். சோதனையில் மாட்டியிருக்கும், நான் ஆசைப்பட்டதும் நடந்திருக்கும். நீங்களும் இதைத்தானே கேட்க வருகிறீர்கள்? அங்கே படுத்தபடி நானும் அதையேதான் யோசித்தேன். வண்டி திரும்பி வந்தால் கசஹாரா அதைப் பார்ப்பான். அவன் முட்டாள் இல்லை. காற்றில் வரும் துரு வெள்ளையாகப் பூக்காது. மூலையில் கிடக்கும் காலி மூட்டைகளைப் பார்ப்பான். பிறகு என் முகத்தைப் பார்ப்பான். அந்த ஒரு பார்வையை என்னால் தாங்க முடியாது, ஐயா. அவன் வராமல் இருப்பதையாவது பழகிக்கொள்ளலாம். தெரிந்துகொண்டு வராமல் இருப்பதை எப்படிப் பழகுவது?

ஓட்டையைச் சுத்தமாகத் துடைத்தேன். கண்ணாடி இழை வைத்து அடைத்து, மேலே பட்டி பூசி, காய்ந்ததும் தேய்த்துச் சமமாக்கினேன். அதன்மேல் கறுப்பு அடித்தேன். தட்டினால் இரும்பு மாதிரியே கேட்டது. வேலை நன்றாக வந்திருந்தது. சோதனையில் வண்டி தேறிவிட்டது. கசஹாரா தொலைபேசியில் அழுதான்.

கிளம்பும் நாளில் சுமிரே ஒரு சிறு மெத்தையைக் கொண்டுவந்து முன் இருக்கையில் போட்டு உட்கார்ந்தாள். வழியில் சாப்பிட நான் சோற்று உருண்டைகள் பிடித்து, உள்ளே உப்பிட்ட ப்ளம் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். கசஹாரா இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை இறக்கி, நிறைய நேரம் பேசினான். சொல்ல எனக்கு நேரம் இருந்தது. "கணவாய் இறக்கத்துல பாத்துப் போப்பா" என்று மட்டும் சொன்னேன். அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இறக்கத்தின் மூன்றாவது வளைவில் சக்கரம் கழன்றது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கசஹாரா அங்கேயே இறந்துவிட்டான். குழந்தையின் கால்களுக்கு இன்னொரு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். உப்பை ஊற்றியது நான். ஓட்டையை மூடியது நான். தெரிந்தே வழியனுப்பினேன். நீங்கள் எழுதியிருப்பதில் திருத்த ஒன்றுமில்லை, முத்திரையைக் கொடுங்கள், கையெழுத்துக்குப் பதிலாகப் பதிக்கிறேன்.

ஒரே ஒரு கோரிக்கை. அந்த வண்டியை நொறுக்க அனுப்பிவிடாதீர்கள். பின்பக்கம் இன்னும் நன்றாக இருக்கிறது, முன்பக்கத்தைத்தான் புதிதாகச் செய்ய வேண்டும். சுமிரே வளர்ந்ததும் அப்பாவின் வண்டியைச் சரிசெய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாமலா போகும்? அவளிடம் இடம் இருக்காது. என் கொட்டகை காலியாகத்தான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொல்லுங்கள்.