காரைதீவில் நின்ற மாப்பிள்ளைக் கார்

இல்ல தம்பிமுத்தண்ண, நான் இறங்கி உங்களுக்கு உதவி செய்ய ஏலா. மாப்புளட கால் நிலத்தில படப்படாது. மருதமுனையில பொண்ணுட தம்பி வாசல்ல வெச்சிக் கால் கழுவினாப் பொறகுதான் மண்ணை மிதிக்கலாம். அக்கரைப்பத்தில வாப்பா தூக்கிக் காருக்குள்ள வெச்சவர், வெச்சபடி இரிக்கன். மூத்திரம் வந்தாலும் இதுக்குள்ளதான். சிரிக்காதீங்கண்ண, ஏற்கனவே வந்திட்டு.

நீங்க ஆறுதலாப் பாருங்க, ஒரு அவசரமுமில்ல. காரு பழுதாகி, எஞ்சின் பாக்கத் தெரிஞ்ச உங்கட நெல்லு மில்லுக்கு முன்னால வந்து நிண்டது அதிர்ஷ்டமாம், மாமா சொல்லுறார். ஆருக்கு அதிர்ஷ்டம்? அவரும் றைவர் முத்தலிபும் தண்ணி அள்ளிட்டு வரட்டும், மெதுவா வரட்டும். மாமா போகக்குள்ள மூக்கால கத்தினதக் கேட்டீங்களா? ஏய் முத்தலீபூ, இது கலியாணக் காரா, மையத்துக் காராடா? அதுக்கு முத்தலிபு இருமி இருமி, ஹாஜியார், ஹும், காரு தங்கமான காரு, ஹும், ரோட்டுத்தான் சரியில்ல... எப்பிடி, அச்சொட்டா இரிக்கா? ஊரில எல்லார்ர குரலும் எனக்கு வரும். போன கிழம வேலிக்கு இங்கால நிண்டு வாப்பாட குரலில ஒரு சத்தம் போட்டன், அவர்ர கடைப் பொடியன்மார் பட்டப்பகல்ல கடையப் பூட்டிட்டு வீட்ட போயிட்டானுகள்.

மேல் குழாய்க்கு ரியூப் துண்டு சுத்திட்டீங்களா? நல்லம். றேடியேட்டர் வெடிப்புக்குச் சவுக்காரம் அப்பியாச்சி. நிந்தவூரில முத்தலிபு முட்ட வெள்ளக்கருவும் உள்ளுக்கு ஊத்தினவர், ஓட்டய அடைக்குமாம். காரு முழுக்க இப்ப முட்ட ரொட்டி வாசம். பொறகும் ஒழுகுதா? சந்தோசம். இல்ல, கவலை எண்டு சொல்ல வந்தன்.

கோட்டா? ஓம், பெருசுதான். உள்ளுக்கு இன்னொரு ஆள் இரிக்கலாம். தலப்பாவும் கண்ணில விழுது. இந்தச் சாரனப் பாருங்க, பொண்ணு தன்ட தறியில நெஞ்சி அனுப்பினது. நான் இடுப்பில சுருட்டிச் சுருட்டி வெச்சிரிக்கன். அளவில பிழையில்லண்ண. அவ சரியாத்தான் நெஞ்சிரிக்கா. ஆள்தான் மாறிட்டு.

எனக்கு மூத்த சாலிஹ் காக்காதான் முதல்ல பேசின மாப்புள. நெட்டை. இண்டைக்கு விடியச் சுபஹு தொழப் போறன் எண்டு போனவன் கொழும்பு பஸ்ஸில ஏறிட்டான். செய்தி மருதமுனைக்குப் போய் வந்து, ரெண்டு வீட்டுப் பெரியாக்களும் கதைச்சி, மூத்தவன் போனா என்ன, இளையவன் ஹமீட் இரிக்கான்தானே எண்டு முடிச்சிட்டாங்க. என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல. உம்மா மட்டும் கோட்டுக்குப் பொத்தான் பூட்டக்குள்ள அழுதா. நான் அவட குரலிலயே அழுது காட்டினன். வழமையாச் சிரிப்பா. இண்டைக்குச் சிரிக்கல்ல.

கதவு பூட்டில்ல அண்ண, பாருங்க, தள்ளினாத் திறக்கும். பொழுது படுமட்டும் உங்களுக்கு ஒழுக்கு அம்புடாட்டிப் போதும், இண்டைக்குக் காவின் எழுத்தும் இல்ல, கலியாணமும் இல்ல. நாளைக்கு எனக்கும் ஒரு கொழும்பு பஸ் இரிக்கி. அதுக்குத்தான் இவ்வளவு நேரமும் கதை சொல்லி உங்களப் பராக்காட்டினன்.

பொண்ணுக்கு றாபியாவாம் பேர். நான் கண்டதில்ல. காலையில ஒரு மாப்புள வரமாட்டான் எண்டு கேட்டவ. அந்தியில மத்தவனும் வரமாட்டான் எண்டு அவக்கிட்டப் போய் ஆர் சொல்லுற? காலையில சொன்ன ஆள்தான் திரும்பவும் போகணுமா?

அண்ண, அந்தக் குழாய விடுங்க. விசிறிக்குப் பின்னால கைய வைங்க, தண்ணிப் பம்புக்குக் கீழ. ஈரமா? ம்ம். அக்கரைப்பத்தில இருந்தே காரு எனக்குச் சொல்லிட்டுத்தான் வந்தது: கீய்ச்... கீய்ச்... கீய்ச். எங்கட ஊர்ப் பஸ்ஸும் ஒருக்கா இப்பிடித்தான் கத்தினது. பம்புக் கழுத்து நட்டு இளகி, தண்ணி கசியாம உள்ளுக்குச் சுத்தின கயிறும் தேஞ்சி போச்சி. உங்கட மில்லு எஞ்சினுக்குப் பம்பு இல்ல, அதான் உங்களுக்குத் தோணல்ல. புதுக் கயித்தக் கிறீசில தோச்சிச் சுத்தி நட்ட இறுக்குங்க. மருதமுனை மட்டும் ஓடும்.

மாமா வாறார். நீங்களாக் கண்டுபுடிச்ச எண்டு சொல்லுங்கண்ண. இல்லாட்டி, மாப்புளைக்கு என்ன அவசரம் எண்டு ஊரே சிரிக்கும்.