பதின்மூன்றாம் வாய்பாட்டுக்கு விழுந்த குட்டு

என் பெயர் சகினா, வயது 36, கணவர் பெயர் சர்தார். ராயப்பேட்டையில் குடியிருக்கிறேன். தி.நகர் துணிக்கடை ஒன்றில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் வேலை செய்கிறேன். என் மகள் ஜோயா, வயது 10, மயிலாப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கல்வி அலுவலகத்தில் காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள், போன வாரம் இதே காவல் நிலையத்தில் கல்வி அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். இன்று எழுதிக்கொள்ளாமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்த பிறகு இது பதிவு செய்யப்படுகிறது.

பள்ளியில் யாரையும் அடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்த பிறகு, கணக்கு ஆசிரியை ஸ்ரீரஞ்சனி பிரம்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதன்பிறகு, விடை சொல்கிற பிள்ளை, சொல்லாத பிள்ளையின் தலையில் குட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டார். தான் கை வைக்காததால் சட்டப்படி நடப்பதாக அவருக்கு நினைப்பு. இது பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கடந்த 12ஆம் தேதி புதன்கிழமை காலை பதின்மூன்றாம் வாய்பாட்டில் அனன்யா என்ற மாணவி தடுமாறினாள், ஜோயா சொல்லிவிட்டாள். இருவரும் ஒரே பெஞ்சு, சாப்பாட்டு டப்பாவை மாற்றிச் சாப்பிடுகிறவர்கள். ஜோயா பட்டும் படாமல் குட்டியதும் ஆசிரியை, "தடவியா குடுக்குற? சரியா குட்டு. இல்லன்னா நீயும் வாங்கிக்கோ" என்றிருக்கிறார். இதை அந்த வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் என்னிடம் சொன்னார்கள். அதன்பிறகு ஜோயா ஓங்கிக் குட்டியதில் அனன்யாவின் தலையிலிருந்த கிளிப் குத்தி ரத்தம் வந்து, இரண்டு தையல் போடப்பட்டது.

அதன்பிறகு பள்ளியிலிருந்து போன் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். தலைமை ஆசிரியர் சுந்தரராமன், மாணவிகளுக்குள் சண்டை, ஜோயா அடித்தாள், ஆசிரியர் யாரும் கை வைக்கவில்லை என்று தட்டச்சு செய்த தாளில் கையெழுத்துக் கேட்டார். "இன்னா சார் இது, குட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டேன். "கையெழுத்துப் போடலேன்னா டிசிய வாங்கிண்டு போங்கோ" என்றார். நான் போடவில்லை. அந்தத் தாளையே கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அதில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பவர் ஸ்ரீரஞ்சனி. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? அனன்யாவின் அம்மாவே ஜோயா மேல் கோபம் இல்லை என்று சொல்லிவிட்டார். என் மகள் பெயரை அந்தத் தாளிலிருந்து எடுக்க வேண்டும்.

மேற்படி வாக்குமூலத்தை உதவி ஆய்வாளர் மீனாட்சி படித்துக் காட்டியபோது, ஒன்று விட்டுப்போனது, சேர்க்க வேண்டும் என்றேன். வழக்குக்குத் தேவையில்லை என்றார். தேவை, எழுதுங்கள் என்றேன். அன்று தலைமை ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும், என்ன ஏது என்று கேட்காமல் ஜோயாவின் கன்னத்தில் இரண்டு அறை விட்டேன். "ஸ்கூல்ல கொழந்தைய அடிக்கப்படாதும்மா, ரூல்ஸ் இருக்கு" என்று தலைமை ஆசிரியர் சொன்னார். வெளியே வந்த பிறகு ஜோயா, "மிஸ் சொன்னாங்க, நான் அடிச்சேன். நீ என்ன அடிச்சியே, ஒனக்கு யாரும்மா சொன்னா?" என்று கேட்டாள்.

இதில் நான் கூட்டிச் சொன்னதும் இல்லை, மறைத்ததும் இனி இல்லை. படிக்கக் கேட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சகினா