மாஜிஸ்திரேட் வேடத்துக்கு ஒரு ஆள்

நூலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் மேசையை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். மலாவியின் அக்டோபர் வெயிலில் அதன் அருமை தெரியும். புதிதாகச் சேரும் சட்ட மாணவர்களுக்கான கையேட்டில் வாய்ப்புகள், வசதிகள், பொறுப்புகள் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கல்லூரி முதல்வர் கேட்டிருக்கிறார். சட்ட உதவி மையத்தை நடத்துகிறவள் என்பதால் வருடா வருடம் இந்த வேலை என் தலையில்தான் விழும். வழக்கமாக அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். இந்த முறை நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வசதிகள் என்று பார்த்தால் நூலகம் இருக்கிறது, பழைய கணினிகள் இருக்கின்றன, கடன் சொன்னால் முகம் சுளிக்காத தேநீர்க்காரர் இருக்கிறார். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, சந்தைக்குப் பின்னால் இருக்கும் சிறைச்சாலை.

அங்கே பாதிப்பேர் விசாரணைக் கைதிகள். வக்கீல் வைக்க வழியில்லாதவர்கள். மாஜிஸ்திரேட் முன்னால் எப்படி நிற்பது, என்ன சொல்லி ஜாமீன் கேட்பது என்று புதன்கிழமைதோறும் நம் மாணவர்கள் போய்ச் சொல்லித்தருவார்கள். பாடமாக நடத்தினால் தூங்கிவிடுவார்கள் என்பதால் நாடகமாகப் போடுவது வழக்கம். முற்றத்து மாமரத்தடியில் கைதிகளில் ஒருவர் போலீஸ், ஒருவர் குமாஸ்தா, ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர், ஒருவர் மாஜிஸ்திரேட். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த மரத்தடியில் கற்றதை நிஜ மாஜிஸ்திரேட்டிடம் சொல்லி வீடு போய்ச் சேர்ந்தவர்கள் நிறைய.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது எனக்குக் கிடைத்த மாஜிஸ்திரேட் லைட்டன் முக்விண்டா. மலாவி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார். வெளியே சைக்கிள் டாக்சி ஓட்டியவர். சவாரி வந்தவருடைய உரமூட்டையைத் திருடினார் என்று வழக்கு. குற்றம் நிரூபணமாகியிருந்தால்கூட அவ்வளவு காலம் உள்ளே இருந்திருக்க வேண்டியதில்லை. கிழிந்த போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, மக்காச்சோள நாரை நீதிபதியின் பொய்முடிபோலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் வந்து உட்கார்ந்தால் காவலர்கள்கூட நிமிர்ந்து நிற்பார்கள்.

"என்னய்யா முழிக்கிற? ஃபைல் எங்க?"

"காணோம் எசமான்," என்பார் குமாஸ்தா.

"போன தடவையும் காணோம்னே. கால் முளைச்சு ஓடிருச்சா?"

"எலி தின்னுருச்சு எசமான்."

"அப்ப எலியப் புடிச்சு உள்ள போடு. இவன அடுத்த தடவை பாத்துக்கலாம். இழுத்துட்டுப் போ."

முற்றமே சிரித்துப் புரளும். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பை நிஜமாகவே வாங்கியவர்கள்.

என்னை அவர் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவார். நான் இன்னும் மாணவிதான் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் காத்துக் கிடக்கணுமா? இப்பவே கூப்பிட்டுக்கிறேன்," என்றார்.

இனி வாய்ப்புகள். நம் மையத்துக்குப் பணம் தருகிற வெளிநாட்டு விருந்தினர்கள் அந்த வருடம் நாடகத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. பொறுப்பாக இருக்கும் மாணவருக்கு அவர்கள் ஊரில் மேற்படிப்புக்கு உதவித்தொகை உண்டு என்று பேச்சு. எங்கள் பேராசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உலேமு, நாடகம் நல்லா அமைஞ்சா உன் பேரத்தான் சொல்லப்போறேன். சொதப்பிறாத," என்றார். என் வீட்டில் அதுவரை யாரும் விமானத்தை அருகில் போய்ப் பார்த்ததில்லை.

அவர்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மாஜிஸ்திரேட் சிறைக்கே வரும் நாள் வந்தது. அளவுக்கு மீறி அடைபட்டுக் கிடப்பவர்களை முற்றத்திலேயே மேசை போட்டு விசாரித்து அனுப்பிவிடுவார். காவல் நிலையங்களில் இருந்து கோப்புகளை வாங்கிவந்து அவர் மேசையில் வைப்பது எங்கள் வேலை. முக்விண்டாவின் கோப்பை நான்தான் வாங்கிவந்தேன். படித்துப் பார்த்தேன். முதலில் விடுதலையாகப் போகிறவர் அவர்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

மற்ற கோப்புகளை மேசையில் வைத்தேன். அதை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். அவர் போய்விட்டால் நாடகம் படுத்துவிடும். நாடகம் படுத்தால் பணம் நின்றுவிடும், பணம் நின்றால் நூற்றுக்கணக்கானவர்களுக்கு உதவி நின்றுவிடும். ஒருவர் கொஞ்ச நாள் கூடுதலாக இருந்தால் இத்தனை பேருக்கு நல்லது என்று எனக்கு நானே எடுத்துச் சொன்னேன். அந்தக் கணக்கில் எனக்கு வரவேண்டிய உதவித்தொகையை நான் சேர்க்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசிப்போகிறது.

மனைவி கொண்டுவந்து கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகம் கழுவி, காலையிலிருந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்தபின் என்னிடம் வந்தார்.

"என்ன வக்கீலம்மா, எம் பேரக் கூப்பிடவே இல்லையே?"

"ஃபைல் வரலண்ணே. ஸ்டேஷன்ல தேடிட்டிருக்காங்க."

மாஜிஸ்திரேட் குரலில், "எலி தின்னுருச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பொய் சொன்னதைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். விடுதலையானவர்கள் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் சட்டையைக் கழற்றி, அழுக்குப் படாமல் மடித்து, அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைத்தார்.

அந்த வாரமே அவர் மனைவி எனெலேசி கல்லூரி வாசலில் வந்து நின்றார். முந்தானைத் துணியில் வேர்க்கடலை முடிந்திருந்தது.

"நீங்கதான் அவரு ஃபைலத் தேடி அலையிறீங்கன்னு சொன்னாரு மேடம். வேற என்ன குடுக்கிறதுன்னு தெரியல."

வாங்கிக்கொண்டேன். உப்புப் போட்டு வறுத்து, அறைத்தோழிகளோடு சேர்ந்து தின்றேன். கடலை நன்றாக இருந்தது.

விருந்தினர்கள் வந்த அன்று முக்விண்டா நாடகத்தின் முடிவை மாற்றிவிட்டார். குமாஸ்தா கோப்பைக் காணோம் என்றதும் போர்வையை உதறிக்கொண்டு எழுந்தார். "தொலைச்சவன்ல உள்ள இருக்கணும்? இவன் எதுக்குய்யா இருக்கான்? தொறந்து விடு!" விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா விட்டேனா வக்கீலம்மா?" என்று பிறகு என்னிடம் கேட்டார்.

"நல்லா விட்டீங்கண்ணே."

"என்னையும் அப்படியே விடச் சொல்லுங்க."

உதவித்தொகை எனக்கே கிடைத்தது. அடுத்த விசாரணை நாளில் அவருடைய கோப்பை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பதாக இருந்தேன். அதில் நான் உறுதியாக இருந்தேன். ஆனால் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. கழிவுக் கால்வாய் உடைந்து சிறைக் கிணற்றில் கலந்தது. ஒரே தட்டில் நாலைந்து பேர் களியும் துவரையும் பகிர்ந்து தின்னும் இடம். காலரா யார் யாரென்று பார்க்கவில்லை.

விசாரணை நாளில் நினைத்தபடியே கோப்பை மேலே வைத்தேன். மாஜிஸ்திரேட் பெயரைக் கூப்பிட்டார். "செத்துட்டாரு எசமான்," என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். மாஜிஸ்திரேட் கோப்பை மூடி ஓரமாக வைத்தார். கோப்பு ஒழுங்காக இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனெலேசி மட்டும் கேட்டார். வெள்ளைச் சட்டையை வாங்கிக்கொண்டு சிறை வாசலில் நின்றிருந்தார்.

"ஃபைல் கிடைச்சுதா மேடம்?"

"கிடைச்சுதுக்கா. கொஞ்சம் லேட்டாயிருச்சு."

"அவ்வளவு அலைஞ்சீங்களே, நல்லா இருங்க," என்றார்.

அந்தக் கோப்பு ஒருநாளும் தொலையவில்லை. வீட்டுக்குப் போகவேண்டியவரை என் நாடகத்துக்காக உள்ளேயே வைத்து நான்தான் சாகவிட்டேன். இதை இத்தனை வருடமும் யாரிடமும் சொன்னதில்லை. கைதட்டல் கேட்டாலே எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. அந்த வெட்கம்தான் என்னை ஒழுங்கான மனுஷியாக்கியது என்று நம்புகிறேன். மேற்படிப்பை முடித்துவிட்டு வெளிநாட்டிலேயே தங்காமல் இங்கேயே திரும்பி வந்ததும் அதனால்தான்.

ஆகவே பொறுப்புகள். கைதியிடம் கனிவாகப் பேசுங்கள். செய்ய முடியாததைச் செய்வதாகச் சொல்லாதீர்கள். ஒருவருடைய கோப்பு உங்கள் பையில் ஒரு பொழுதுகூடத் தங்கக் கூடாது. வாங்கியதும் நேராக என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. விருந்தினர்கள் இந்த வருடமும் வருகிறார்கள். நாடகத்தைப் பொறுப்பேற்று நடத்த விரும்பும் மாணவர்கள் பெயர் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் வேடத்துக்கு ஏரிக்கரையில் மீன் விற்ற ஒருவர் கிடைத்திருக்கிறார், வெண்கலக் குரல். விசாரணை நாள் அதற்கு முன்பே வருகிறதே என்று யாரும் பதற வேண்டாம். இது மழைக்காலம் இல்லை, கிணற்றுக்கும் மூடி போட்டாயிற்று, அவருடைய கோப்பு என் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.