அப்பிள் பரணில் ஒருவர்

கிட்ட வந்து இருங்கள். இடையில் சிரிக்கிறவர் எழும்பிப் போகலாம். எங்கள் சிநேகிதி நிரூபாவின் மச்சாள் தாட்சாயினிக்கு நடந்தது இது.

ஜூன் மாதம், அந்த நாட்டில் குளிர்காலம், பின்னேரம் ஐந்து மணி. பில்பின் என்ற மலையூரைத் தாண்டி ஒரு மண்பாதை... ஒரு குருவி கூட இல்லை. பாதை முடிவில் நூற்றைம்பது வருடத்துக் கல் கட்டடம், முன்பு சைடர் என்ற அப்பிள் மதுவுக்குப் பழம் பிழிந்த இடம். மலைச்சரிவைக் குடைந்து கட்டியது. கீழே செக்கு, மேலே அப்பிள் குவிக்கும் பரண். பரண் பலகையில் சதுரமாக ஒரு ஓட்டை, பழத்தைக் கீழே தள்ளிவிட. பரணுக்கு வாசல் பின்பக்கம், மேட்டிலிருந்து.

தாட்சாயினி பழைய கட்டடங்களை அளந்து அறிக்கை எழுதும் என்ஜினியர். தனியே போகப் பயந்து கணவன் அருந்தவனையும் இழுத்துக்கொண்டு போனாள். "பலகை உக்கிப்போச்சு, நான் ஏறமாட்டன்" என்றவனை, பாவம், கெஞ்சிக் கூத்தாடி ஏற்றினாள். அவன் ஓட்டை வழியே அளவுநாடாவை இறக்க, அவள் கீழே நின்று அளந்தாள்.

சட்டென்று இருட்டிவிட்டது.

"லைற் எடுக்கவேணும். காரடிக்குப் போட்டு வாறன்," என்று மேலே பார்த்துச் சொன்னாள்.

"ஓம்," என்று பரணிலிருந்து அவன் குரல் வந்தது.

காரடிக்குப் போனால்... அருந்தவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருக்கிறான். பின்வாசலால் இறங்கி ஓடி வந்திருப்பான் என்று நினைத்தாள். பயந்தாங்கொள்ளி! மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று அவளும் ஏறினாள். கார் கிளம்பியது. அவன் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்து, "போறன்," என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. "உப்பிடிச் சொல்லாதேங்கோ! போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

அவன் காரின் வேகத்தைக் கூட்டினான்.

பத்து நிமிடம் ஓடியிருக்கும். அவளுடைய போன் அதிர்ந்தது. திரையில் அருந்தவனின் பெயர். எடுத்துக் காதில் வைத்தாள்.

"தாட்சா, எங்கையப்பா நிக்கிறீர்? நான் இன்னும் மேலைதான். கால் பலகைக்குள்ளை இறங்கிப்போச்சு, இழுக்கேலாமல் கிடக்கு... கெதியா வாரும்."

அவன் குரலேதான். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல். ஐயோ, யாரை விட்டுவிட்டு யாரோடு வந்திருக்கிறாள்!

"ஆராம்?" பக்கத்தில் இருந்தவன் பாதையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டான்.

"அம்மா," என்றாள். வேறு என்னத்தைச் சொல்ல?

அவன் தலையாட்டினான். டிக்... டிக்... வலப்பக்கம் சிக்னல் போட்டான்.

அந்தப் பக்கம் பாதையே இல்லை.