ஆணியில் மாட்டிய டோக்கன்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. ஸ்டேஷன் டீ கழுநீர் மாதிரி இருக்கும் என்பார்கள். சும்மா சொல்கிறார்கள்.

கம்பெனி எப்படி ஆரம்பித்தது என்றுதானே கேட்டீர்கள்? எங்கள் சுரங்க ஊர் கோரமண்டலில், ஒரு தகரக் கூரை அறையில். நானும் முனியப்பன் அண்ணனும் மட்டும்தான். தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஆட்கள் விடியற்காலை ரயிலேறி, பெங்களூரில் யார் யார் வீட்டு கேட்டிலோ சல்யூட் அடித்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. தங்கம் இன்னும் இருக்கிறது, தேடித் தருகிறேன் என்று கிளம்பினேன். பணம் போட வந்தவர்களோ, முதலில் கல்லைக் காட்டு என்றார்கள்.

கல், மாரிகுப்பத்தில் மூடிக்கிடந்த பழைய ஷாஃப்டில், சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியில், இருந்தது. அதில் இறங்குவது குற்றம். அண்ணன் அந்தக் காலத்து வழக்கப்படி தன் பித்தளை டோக்கனை மேலே ஆணியில் மாட்டிவிட்டுக் கயிற்றில் இறங்கினார். டோக்கன் ஆணியில் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான்; அவனை ஏற்றாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. எங்கள் ஊரில் குழந்தைக்கும் இது தெரியும்.

கல் கூடையில் மேலே வந்தது. மஞ்சள் கோடு ஓடிய நல்ல கல். அதன் பிறகுதான் கீழே மண் சரிந்தது.

“உதய், காலு மாட்டிகிச்சிப்பா. ஓடிப்போயி ஆளுங்கள இட்டா.”

ஆட்கள் வந்தால் போலீஸும் வரும். கம்பெனி பிறக்கும் முன்பே செத்திருக்கும். நீங்களே சொல்லுங்கள், எத்தனை குடும்பத்துப் பிழைப்பு? டோக்கனை எடுத்துப் போய் அவர் மனைவி பாக்யலட்சுமி அக்காவிடம் கொடுத்தேன்.

“இன்னா தம்பி, அவரு எங்க?”

“மேல வந்துட்டாருக்கா. அவசரமா பெங்களூர் போயிருக்காரு.”

டோக்கன் வீட்டுக்கு வந்துவிட்டதால் யாரும் ஷாஃப்டில் தேடவில்லை. எவளையோ இட்டுகினு பூட்டான் என்று ஊர் சிரித்தது. அந்தக் கல்லைக் காட்டித்தான் பணம் வந்தது, டிரில் மெஷின் வந்தது, பக்கத்து மாவட்டங்களிலும் ஆபீஸ் வந்தது. அக்காவுக்குப் பெருக்கும் வேலை கொடுத்தேன். ஆயுத பூஜை தோறும் டோக்கனுக்குப் பொட்டு வைத்து, “மேல வந்த மனுசன் வூட்டுக்கு வர்லியே தம்பி” என்பார். பாவம்.

போன வாரம் அரசாங்க அனுமதியோடு எங்கள் ஆட்களே அந்த ஷாஃப்டைத் திறந்தார்கள். எலும்பைப் பார்த்ததும் முதலில் ஆணியைத்தான் தேடினார்களாம். ஆணி வெறுமையாக இருந்தது. அக்கா டோக்கனைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்துவிட்டார். சோறு போட்டவனுக்கு இதுதான் நன்றி.

கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. மனசு கேட்காமல் மறுநாள் காலை போய்க் காது கொடுத்துப் பார்த்தேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். குரல் தெம்பாக இருந்தது. நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.