பத்தொன்பது வருடம் செத்துக்கிடந்த தோட்டா

காபி நன்றாக இருந்தது, சார். போலீஸ் ஸ்டேஷன் காபியைப் பற்றி ஊரில் தப்பாகத்தான் பேசுகிறார்கள். நீங்கள் தெலுங்கில் எழுதி, எனக்காகத் தமிழில் வாசித்துக் காட்டிய வாக்குமூலத்திலும் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். மூன்றாவது வரியில் ‘விபத்து’ என்று வருகிறது. அதை அடித்துவிட்டுக் ‘கொலை’ என்று எழுதுங்கள்.

நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதினீர்கள். “யானைக்கும் அடி சறுக்கும் மாஸ்டர், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்” என்றீர்கள். யானைக்குச் சறுக்கலாம். யானை யாருக்கும் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நம் சித்தூர் துப்பாக்கிச் சங்கத்துக்கு 1958 முதல் பாதுகாப்பு அதிகாரி. இந்தச் சத்தியநாதன் இருக்கும் மைதானத்தில் விபத்து நடந்தது என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம் ஆகிவிடும்.

எங்கள் சங்கத்தில் எட்டு பாயிண்ட் டூ டூ துப்பாக்கிகள். எட்டையும் துடைப்பவன் நான்தான். முன்பு ஒருவர் தேங்காய் எண்ணெய் போட்டு வைத்திருந்தார். மார்கழிக் குளிரில் அது உறைந்து, விரலால் குதிரையை இழுத்தால், தோட்டாவை அடிக்கவேண்டிய ஊசி மறுநாள் போய் அடிக்கும் போலிருந்தது. நான் வந்த பிறகு தையல் மிஷின் எண்ணெய், ஃபிளானல் துணி, ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனிக் கம்பி. நகரி நெசவுக்காரர் உமாபதியிடம் சொல்லிச் சாயம் போகாத சிவப்புத் துணியில் கொடி. பங்காருபாளையம் ரோட்டில் அந்தக் கொடி ஏறினால் குன்றுக்குப் பின்னால் மேயும் ஆடுகூடத் திரும்பிப் போகும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் கேட்க நன்றாக இருக்கும்.

வருடா வருடம் டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை கூட்டுச் சுடுதல் போட்டி. பாங்கி, முனிசிபல் ஆபீஸ், எங்கள் சர்ச் வாலிபர்கள் என்று ஆறு குழுக்கள். குடும்பத்தோடு வருவார்கள். முதல் குண்டு வெடிக்கும் முன் ஒரு மணி நேரம் என் வகுப்பு. பதினான்கு விதிகள். கடைசியில் ஒரு சோதனை. அதுதான் உங்களுக்குப் புரியவில்லை என்றீர்கள். மறுபடி சொல்கிறேன்.

துப்பாக்கியை யார் பக்கமும் நீட்டக் கூடாது என்பது முதல் விதி. வாயால் சொன்னால் யார் கேட்கிறார்கள்? அதனால் நான் ஒரு தோட்டாவைப் போட்டு, துப்பாக்கியைக் கூட்டத்தின் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றுவேன். எல்லோரும் உடனே தரையில் படுக்கவேண்டும். படுத்தவர் பாஸ். உட்கார்ந்தே இருப்பவர் மைதானத்தை மூன்று சுற்று ஓடவேண்டும். பிறகு குதிரையை இழுப்பேன். ‘க்ளிக்’ என்று கேட்கும். அவ்வளவுதான். பெண்கள் அதற்கென்றே பழைய புடவை கட்டிக்கொண்டு வருவார்கள்.

அந்தத் தோட்டா 1958-ல் வெடிக்காமல் போன தோட்டா. இந்தச் சின்னத் தோட்டாவுக்கு மருந்து அடிப்பாகத்தின் விளிம்பைச் சுற்றி இருக்கும். ஊசி விளிம்பில் ஓர் இடத்தில் அடிக்கும். அந்த இடத்தில் மருந்து சேராமல் போயிருந்தால் வெடிக்காது. கொஞ்சம் திருப்பிப் போட்டு வேறு இடத்தில் அடித்தால் வெடித்தாலும் வெடிக்கும். ஆகவே செத்த இடத்துக்கு நேராக அரத்தால் ஒரு கோடு கீறி வைத்தேன். கோடு மேலே இருக்கும்படி போட்டால் ஊசி வருடா வருடம் அதே செத்த இடத்தில்தான் அடிக்கும். உங்கள் கான்ஸ்டபிள் ரங்கையா, அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்றார். பெரியவர் சொன்னால் சரிதான். ஆனால் அது அம்மிக்குச் சொன்னது.

பாதுகாப்பைக் கற்றுக்கொடுக்க உயிருள்ள தோட்டா எதற்கு, மரத்தில் ஒன்று செய்திருக்கலாமே என்றீர்கள். மரத் தோட்டாவுக்கு யார் படுப்பார்கள்?

இனி எர்னஸ்ட். அவன் மேல் எனக்குப் பிரியம் உண்டு. என்னிடம் டிரில் கற்ற பையன், பாங்கியில் கிளார்க், இந்த வருடம்தான் சங்கத்துக்குச் செயலாளர் ஆனான். ஆனதும் முதல் வேலையாக என் வகுப்பை அடுத்த வருடம் முதல் பத்து நிமிடமாகக் குறைக்கத் தீர்மானம் கொண்டுவந்தான். பத்தொன்பது வருடத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை, பிறகு எதற்கு ஒரு மணி நேரம் என்று கேட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். ஏன் கீறல் விழவில்லை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. கொலைக்கு ஒரு காரணம் வேண்டும் என்றீர்களே, இதை எழுதிக்கொள்ளுங்கள். போதாது என்றால் சொல்லுங்கள், யோசிக்கிறேன்.

சனிக்கிழமை காலை நான் துப்பாக்கியைச் சுற்றினேன். நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். நாற்பத்தொருவர் சிரித்துக்கொண்டே படுத்தார்கள். எர்னஸ்ட் மட்டும் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“அது செத்துப்போயி பத்தொம்பது வருஷம் ஆவுது மாஸ்டர்,” என்றான். “இன்னும் எத்தினி வாட்டி அத்த சாவடிப்பீங்க?”

படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். அவன் மனைவி ஜெயசீலியும் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. குதிரையை இழுத்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. பாயிண்ட் டூ டூ அப்படித்தான். எர்னஸ்ட் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான், பேனா கசிந்ததா என்று பார்ப்பவனைப் போல. நான் துப்பாக்கியின் தாழ்ப்பாளைத் திறந்தேன். வெடித்த தோட்டாவின் வெற்றுக் குப்பியை எடுத்துத் தட்டில் வைத்தேன். துப்பாக்கியைப் பாய்மேல் கிடத்தினேன். ‘சுடுவதை நிறுத்து’ என்று தமிழில், தெலுங்கில், இங்கிலீஷில் மும்மூன்று தடவை சொன்னேன். கொடியை ஏற்றினேன். பிறகுதான் அவன் பக்கம் போனேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஜெயசீலி இதை வேறுமாதிரி சொல்லியிருப்பாள். துப்பாக்கியைக் காலி செய்து கொடி ஏற்றாமல் யாரும் முன்னால் போகக் கூடாது என்ற ஒன்பதாம் விதியை அவள் கவனித்துக் கேட்டதில்லை.

மாங்காய் ஏற்றும் வேன் ஒன்றில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவன் உயிர் காட்பாடி தாண்டவில்லை. கொல்ல நினைத்தவன் வழியெல்லாம் காயத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வருவானா என்றீர்கள். அடிபட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது பதினான்காம் விதி. யார் அடித்தார்கள் என்று விதி பார்ப்பதில்லை. நான் அழுததாக வேன்காரர் சொன்னாராம். இருக்கலாம். அழக் கூடாது என்று விதி எதுவும் நான் எழுதவில்லை.

குப்பி உங்களிடம் இருக்கிறது. அதில் பழைய பள்ளம் ஒரு பக்கம், புதுப் பள்ளம் எதிர்ப் பக்கம். அப்படியென்றால் கோடு கீழே இருந்திருக்கிறது. ஒன்று, தெரிந்தே திருப்பிப் போட்டிருக்கவேண்டும். இல்லை, பார்க்காமல் போட்டிருக்கவேண்டும். பார்க்காமல் போடுகிறவனா நான்? சித்தூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். திருப்பித்தான் போட்டேன். ஆயுள் தண்டனை என்றாலும் சரி, தூக்கு என்றாலும் சரி. அஜாக்கிரதை என்று மட்டும் என் பெயருக்குப் பக்கத்தில் எழுதாதீர்கள். அதை என்னால் தாங்க முடியாது.

கிருபாவதி காலையில் வந்து உங்கள் காலில் விழுந்ததாகச் சொன்னீர்கள். என் மனைவிக்கு எதை எங்கே பேசுவது என்று தெரியாது. “கண்ணாடி இல்லன்னா இவருக்கு சோத்துல கெடக்கற கல்லுகூடத் தெரியாது சார். கண்ணாடி திருப்பதில ரிப்பேர் கடையில கீது,” என்றாளாம். உண்மைதான். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போன இடத்தில் பிரேம் உடைந்தது. செவ்வாய்க்கிழமை தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். கண் சரியாகத் தெரியாதவர் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று நானே மூன்றாம் விதியில் எழுதியிருக்கிறேனே என்று கேட்டீர்கள். அது சுடுகிறவர்களுக்கு, சார். நான் வகுப்பு எடுக்கத்தான் போனேன். பத்தொன்பது வருடமாகப் பழகிய கோட்டைப் பார்க்க எனக்குக் கண்ணாடி எதற்கு?

மாற்றிவிட்டேன் என்கிறீர்கள். சந்தோஷம். தாளைக் கொடுங்கள், ஒருமுறை பார்த்துவிடுகிறேன், எதையும் பார்க்காமல் செய்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆம், பார்த்துவிட்டேன். கொலை என்றுதான் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து எங்கே போடவேண்டும்? என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வையுங்கள், சார்.